வினைமுதல் மறைந்த மன்னிப்பு

எங்கள் பிராசீன பாடசாலையிலே சென்ற வாரம் வாக்கிய இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தேன். "‘பிழை நேர்ந்துவிட்டது’ என்னும் வாக்கியத்திலே எழுவாய் உண்டு, பிழையைச் செய்த வினைமுதல் இல்லை" என்றேன். முன்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி, "ஐயா, பெரிய கொம்பனிகள் கேட்கும் மன்னிப்பெல்லாம் இந்த வாக்கியந்தானே?" என்றாள். வகுப்புச் சிரித்தது. எனக்கோ அது சிரித்து விடுதற்குரிய வினாவாகத் தோன்றவில்லை.

முன்னாளிலே கடைக்காரர் நிறை குறைத்தால், வாங்கியவர் அயலவர் நால்வருக்குச் சொல்வார். இன்று கைத்தொலைபேசி வாயிலாக ஓரிரவிலே நாடெங்குஞ் சொல்லிவிடுகின்றார். ஊர் திரண்டு சினக்கும் அவ்வேளையில் வணிக நிறுவனம் யாது செய்தல் வேண்டும்? வினைமுதலை மறையாமையே முதற்படி என்பது என் கருத்து.

2017 ஏப்ரலில், ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே, யுனைற்றெட் எயார்லைன்ஸ் தன் ஊழியர் நால்வருக்கு இடம் வேண்டியது. அதன்பொருட்டு, கட்டணஞ் செலுத்தி அமர்ந்திருந்த முதிய மருத்துவர் ஒருவர் விமான நிலையக் காவலரால் இழுத்து வெளியேற்றப்பட்டார். உடனிருந்தோர் பிடித்த காட்சி உலகெங்கும் பரந்தது. மறுநாள் தலைமை அலுவலர் ஒஸ்கார் முனோஸ், பயணிகளுக்கு வேறிடம் ஏற்பாடு செய்ய நேர்ந்தமைக்கு வருந்துவதாக எழுதினார். இழுத்தல் ஏற்பாடு ஆயிற்று! சினம் இருமடங்காயிற்று. அடுத்த நாளே, முழுப்பொறுப்பும் தமதென அவர் ஒப்பவேண்டியதாயிற்று. பின்னர், குற்றம் தம் ஒழுங்குமுறையினது என்றும், இதற்காக ஊழியர் எவரையும் விலக்குவதில்லை என்றும் கூறினார். இருக்கையை விட்டுக்கொடுப்போர்க்கு 10,000 டொலர் வரை வழங்கலாம் என விதியையும் மாற்றினார். இச்சொற்கள் முதலிலேயே வந்திருத்தல் வேண்டும்.

2018 பெப்ரவரியிற் பிரித்தானியாவிலே, கே.எஃப்.சி நிறுவனம் புதிய விநியோகத்தாரிடம் மாறியபோது, கோழியிறைச்சி வந்து சேராமையால் நூற்றுக்கணக்கான உணவகங்கள் மூடப்பட்டன. பழியை விநியோகத்தார்மேற் சுமத்த வழியிருந்தும், அது தன் பெயரின் மூன்றெழுத்தையும் இடம் மாற்றித் தன்னையே ஏசுவதுபோன்ற முழுப்பக்க விளம்பரத்தைப் பத்திரிகைகளில் வெளியிட்டது. அவ்வசைச்சொல்லை வகுப்பிலே விளக்குதல் இயலாது. ஆயினும், அம்மன்னிப்பிலே வினைமுதல் மறையவில்லை; உழைத்த ஊழியர்க்கு நன்றியும் இருந்தது.

மூன்றாவது நிகழ்ச்சி நம் மொழியோடு தொடர்புடையது. 2021 ஒக்ரோபரில், தமிழ்நாட்டிலே சொமாற்றோ வழியாக உணவு பெற்ற ஒருவர் ஒரு பண்டம் குறைந்ததென முறையிட்டார். மறுமொழி எழுதிய ஊழியர், மொழித்தடையால் உணவகத்தாரோடு பேச முடியவில்லை என்றும், இந்தி தேசிய மொழியாதலின் யாவரும் சிறிதேனும் அறிதல் வேண்டும் என்றும் கூறினார். இந்திய அரசியலமைப்போ இந்தியை ஒன்றியத்தின் அலுவல் மொழி என்கின்றதேயன்றித் தேசிய மொழி என்னவில்லை. தமிழர் கொதித்தெழுந்தனர். நிறுவனம் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டு, அவ்வூழியரை நீக்கிவிட்டதாக அறிவித்தது.

அச்செய்தியை வாசித்தபோது யான் மகிழ்ந்தேன், அதனை மறைப்பதற்கில்லை. அன்றைக்கே நிறுவனர் தீபிந்தர் கோயல், ஊழியர் கற்கத் தொடங்கிய இளையோர் என்றும், இதற்காக மட்டும் நீக்குதல் தகாதென்றும் கூறி, அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டார். யான் நாணினேன். மாணவன் ஒருவன் பிழைபட எழுதினால் அவனைப் பாடசாலையை விட்டுத் துரத்துவேனோ? கற்பித்தவன் யாரென்றன்றோ கேட்பேன்? தமிழிலே செயலியும், கோயம்புத்தூரிலே தமிழ் உதவி நிலையமும் அமைத்துவருவதாக அவ்வறிக்கையே கூறிற்று. எனவே, குறை ஒருவர் நாவிலன்று. நிறுவனத்தின் அமைப்பிலே இருந்தது. வேலை நீக்க அறிவிப்பு வினைமுதலை மாற்றிவிட்டது, அவ்வளவே. கோயலும் நாட்டிலே சகிப்புத்தன்மை பெருகவேண்டுமென உடன் உபதேசித்தார். மன்னிப்புக் கேட்பவர் உபதேசிக்கலாகாது.

ஆகவே, நிறுவனங்கள் "யாம் இன்னது செய்தோம்; இன்னவாறு திருத்துவோம்" என எழுதுக. கடைநிலை ஊழியர் ஒருவரை ஊர்ச்சினத்துக்குப் பலியிடாதிருக்க. சினப்போராகிய நாமும் ஒன்று நினைத்தல் நன்று: நம் விரல் சுட்டவேண்டியது பிழைக்கு மூலமானவரையேயன்றி, அகப்பட்ட எளியவரையன்று. மாணவிக்கு இதனையே மறுமொழியாகச் சொல்ல எண்ணியிருக்கின்றேன்.