அசோக் குமாரைப் பிடிக்க ஊரையே பூட்டுவதா?

கோர்ட் படி ஏறாமல், வக்கீல் வைக்காமல், வழக்குக்கு மேல் வழக்காகத் தோற்றுக்கொண்டே இருப்பவர் ஒருவர் உண்டு. பெயர் அசோக் குமார். ஊர் தெரியாது, முகம் தெரியாது. அமெரிக்கக் கோர்ட்டுகளில் அடையாளம் தெரியாத எதிர்த்தரப்புக்கு 'ஜான் டோ' என்று பெயர் வைப்பார்கள். அதன் இந்தியப் பதிப்புதான் இந்த அசோக் குமார். படம் வெளியாவதற்கு முன்பே தயாரிப்பாளர் போய், "யாரோ என் படத்தைத் திருடப் போகிறார்கள், தடை கொடுங்கள்" என்று மனு போடுவார். தடை கிடைக்கும். அது இணைய இணைப்பு தரும் கம்பெனிகளுக்குப் போகும். அவ்வளவுதான், சில தளங்கள் காணாமல் போய்விடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். திருட்டு திருட்டுதான். வட்டிக்கு வாங்கிப் படம் எடுக்கிறவனுக்கு முதல் மூன்று நாள் வசூல்தான் உயிர். அதில் கை வைப்பதைப் 'புரட்சி' என்று சொல்லித் திரிகிறவர்களுக்காக இங்கே யாரும் கொடி பிடிக்கவில்லை. கேள்வி வேறு. திருடனைப் பிடிக்கிறேன் என்று கிளம்பி யாரைப் பிடிக்கிறார்கள்?

2012-க்குப் போவோம். தனுஷ் நடித்த '3' படம் மார்ச் 30 அன்று வெளியானது. அதற்கு முன்பே சென்னை உயர்நீதிமன்றத்தில் அசோக் குமார் தடை வாங்கியாயிற்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு காப்பிரைட் லேப்ஸ் என்ற சென்னைக் கம்பெனி இணையச் சேவை நிறுவனங்களின் கதவைத் தட்டியது. அந்த நிறுவனங்களோ, எதற்கு வம்பு என்று மொத்தத் தளத்தையே மூடிவிட்டன. மே மாதம் பார்த்தால் பைரேட் பே மட்டுமில்லை, விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை! விமியோ என்பது குறும்படம் எடுக்கும் பசங்க தங்கள் சொந்தப் படத்தைப் போட்டு வைக்கும் இடம். பேஸ்ட்பின்னில் படமே கிடையாது, வெறும் எழுத்துதான். பர்மா பஜாரில் ஒரு கடையில் திருட்டு டிவிடி கிடைத்தால் அந்தக் கடைக்காரரைப் பிடிப்பார்களா, இல்லை பாரிமுனைக்கே பூட்டுப் போடுவார்களா?

பெரிய கூத்து என்னவென்றால், அதே படத்தின் கொலவெறி பாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோனதே இணையம்தான். பாட்டு முதலில் கசிந்தது, அதன் பிறகுதான் 2011 நவம்பர் 16-ல் முறையாக வெளியிட்டார்கள். யூட்யூபில் ஓசியில் பார்த்த கூட்டம்தான் அந்தப் படத்துக்கு விளம்பரம்!

பிறகு 2012 ஜூனில் அதே நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது. திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரியை மட்டும்தான் தடுக்க வேண்டும், முழுத் தளத்தை அல்ல என்று. பாடம் படித்தார்களா? இல்லையே. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக அதே சென்னையில் வாங்கிய தடையில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்கள். அதில் ஒன்று இன்டர்நெட் ஆர்கைவ். பழைய புத்தகங்களையும் செத்துப்போன இணையப் பக்கங்களையும் பாதுகாக்கும் டிஜிட்டல் நூலகம் அது. அவர்களுக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை.

சரி, இத்தனை செய்தும் திருட்டாவது நின்றதா? 2018 நவம்பர் 28 அன்று ரஜினியின் '2.0' படத்துக்காக 12,000-க்கும் மேற்பட்ட தளங்களைத் தடுக்கச் சொல்லி உத்தரவு. மறுநாள் படம் ரிலீஸ். அன்றைக்கே தமிழ்ராக்கர்ஸில் படம் வந்துவிட்டது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம் என்பார்கள். இங்கே கொளுத்தியது பக்கத்து வீட்டை, எலியோ சுகமாக இருக்கிறது.

காரணம் எளிது. ஒரு பெயரைத் தடுத்தால் திருடன் கடைசி எழுத்துகளை மாற்றி அடுத்த நிமிடம் புதுப் பெயரில் கடை திறப்பான். பார்க்கத் துடிக்கிறவன் விபிஎன் போட்டுக்கொண்டு போய்விடுவான். ப்ராஜெக்டுக்காக ஆர்கைவில் பழைய புத்தகம் தேடும் மாணவன்தான் திறக்காத பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அமெரிக்காவில் சோபா, பிபா என்று இரண்டு மசோதாக்கள் வந்தபோது, 2012 ஜனவரி 18-ல் ஆங்கில விக்கிபீடியா ஒரு நாள் முழுக்க இருட்டானது. இரண்டே நாளில் மசோதாக்கள் கிடப்பில். அங்கே மசோதா என்று ஒன்று இருந்தது, எதிர்க்க முடிந்தது. இங்கே எதிர்த்தரப்பே இல்லாத ஒரு இடைக்கால உத்தரவு போதும். எதை எதிர்ப்பது?

சட்டம் போதவில்லை என்பார்கள். தமிழ்நாட்டில் 2004-லேயே வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தாயிற்று. 2023-ல் திருத்திய திரைப்படச் சட்டத்தில் மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை ஜெயில், மூன்று லட்சத்தில் தொடங்கி தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம். அந்த வருடம் நவம்பரில் மத்திய அரசு தனி அதிகாரிகளையும் நியமித்தது. புகார் சரி என்றால் 48 மணி நேரத்தில் தடை, கோர்ட்டே தேவையில்லை. ஆளைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. தளத்தைப் பூட்டுவது சுலபம் என்பதால் அதையே செய்கிறார்கள்.

பயப்பட வேண்டியது இங்கேதான். சினிமாவுக்காகச் செய்த பூட்டு சினிமாவுக்கு மட்டும் என்று இருக்காது. அரசு தன் சொந்த அதிகாரத்தில் போடும் தடைகளுக்கான 2009 விதிகள் ஏற்கெனவே ரகசியம் காக்கச் சொல்கின்றன. காரணம் கேட்காமல் பழகிவிட்ட ஜனங்கள், நாளைக்கு ஒரு செய்தித் தளம் மறைந்தாலும் "ஏதோ திருட்டுத் தளமாக இருக்கும்" என்று போய்விடுவார்கள்.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. 2016-ல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் படேல், சரிபார்க்காத பட்டியலை வைத்து முழுத் தளங்களைத் தடுக்க மறுத்தார். அதையே எல்லா இடத்திலும் விதியாக்கட்டும். முகவரியைச் சரிபார்த்துக் கொடு. தடைக்கு முடிவுத் தேதி வை. தடுத்த பக்கத்தில் வழக்கு எண்ணும் காரணமும் போடு. தப்பான தளத்தைப் பட்டியலில் சேர்த்தால் சேர்த்தவரே நஷ்ட ஈடு கொடுக்கட்டும்.

கடைசி விதி மட்டும் வந்து பார்க்கட்டும். 12,000 என்ற பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.