வரிசையே இல்லாத காத்திருப்பு

சென்ற கிழமை வாழப்பாடியில், பாக்குக் காய்களைக் குன்றெனக் குவித்துத் தோல் உரிக்கும் களம் ஒன்றின் அருகே தேநீர் பருகிக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கட்டடத்துக்கு வர்ணம் பூச வந்திருந்த ஒருவர், பேச்சுவாக்கில், தாம் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் 1988-ஆம் ஆண்டு பிறந்தவர் என்றார். பேச்சோ அசல் சேலத்துப் பேச்சு. "இலங்கை எந்தத் திக்குல இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாதுங்க. ஆனா காயிதத்துல நான் இலங்கைக்காரன்" என்று சொல்லிச் சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

குடியுரிமைக்கு மனுப் போட்டதுண்டா என்று கேட்டோம். "எந்த ஆபீசுல போடறதுங்க?" என்று அவர் நம்மையே திருப்பிக் கேட்டார்.

தோழர்களே! அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதிக்காகப் பத்தாண்டு, பதினைந்தாண்டு என்று காத்துக் கிடக்கிறார்கள். அவர்கள் துன்பம் சிறிதென்று யாம் கூறோம். ஆயினும் அவர்களுக்கென ஒரு வரிசை உண்டு. எந்தத் தேதியில் மனுச் செய்தவர் வரைக்கும் முறை வந்திருக்கிறது என்று அந்நாட்டு அரசு மாதந்தோறும் அறிவிக்கிறது. முகாம் தமிழனுக்கோ வரிசையே கிடையாது. நிற்பதற்கு இடமில்லாதவனைப் பார்த்து, பொறுமையாகக் காத்திரு என்கிறார்கள்!

1983 ஜூலையில் கொழும்பு எரிந்தது. தமிழனின் வீடும் கடையும் சாம்பலாயின. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறியவன், கடவுச்சீட்டு வாங்கக் கந்தோர் வாசலில் நின்றிருப்பானா? கரை சேர்ந்தவர்களை நம் அதிகாரிகளே மண்டபத்துக்கு அழைத்துச் சென்றனர், பெயரைப் பதிந்தனர், அரிசியும் உதவித்தொகையும் கொடுத்தனர், மாவட்டந்தோறும் முகாம் அமைத்துக் குடிவைத்தனர். வாசலில் நின்று வரவேற்றுப் பாய் விரித்துப் படுக்கவைத்த பிறகு, கூரை பிரித்து உள்ளே குதித்தவன் என்று ஒருவனைச் சொல்வதுண்டா? சொல்லியிருக்கிறது சட்டம்! 2003-ஆம் ஆண்டுத் திருத்தம், செல்லத்தக்க ஆவணமின்றி நுழைந்தவர் அனைவரையும் சட்டவிரோதக் குடியேறிகள் என வகுத்து, அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழியையே அடைத்தது. இவர்கள் வந்து இருபதாண்டு கழிந்த பின் இவர்கள் தலையில் இறங்கிய சொல் அது.

இன்னொரு விந்தையையும் பாருங்கள். ஒரு தாய் முகாமில் இரு பிள்ளைகள் பெறுகிறாள். மூத்தவள் 1986-லும் இளையவன் 1988-லும் பிறந்ததாகக் கொள்வோம். 1987 ஜூலை 1-க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் என்பதால் அக்காள் இந்தியக் குடிமகள். அந்தத் தேதி முதல், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருக்க வேண்டும் என்று விதி மாறியது. ஆகவே தம்பி அன்னியன். தாலாட்டிய கை ஒன்று, தூளி கட்டிய மரம் ஒன்று. நடுவே நாட்காட்டி வந்து கோடு கிழித்துவிட்டது. அந்த அக்காளுக்குரிய உரிமைகூடத் தானாகக் கிட்டுவதில்லை. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், கடவுச்சீட்டுக் கேட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2022-ல் தீர்ப்பு வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் அவர் முதன்முறையாக வாக்களித்தார், வயது 38.

சேலம், திருச்சி மாவட்டங்களுக்கு இந்தக் காத்திருப்பு புதிதுமன்று. இங்கிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்றவர்கள்தாம் இலங்கை மலைகளில் தேயிலை வளர்த்தவர்கள். 1948-ல் அந்நாட்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. மறு ஆண்டு வந்த சட்டத்தின்படி ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக மனுக்கள் குவிந்தன. உரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே. 1964 அக்டோபரில் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மூட்டை பிரிப்பதுபோல் பிரித்தனர். மிச்சம் 1,50,000 பேரைப் பங்கிட மேலும் பத்தாண்டு பிடித்தது. அந்த வம்சத்தைச் சேர்ந்த பலர் இன்றும் முகாம்களில் இருக்கிறார்கள். பாட்டன் ஊர் சேலம், பேரன் அன்னியன்! அவர்களில் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் மனுவை டில்லி 16 வாரத்துக்குள் பரிசீலிக்க வேண்டும் என மதுரைக் கிளை 2019 ஜூனில் ஆணையிட்டது.

அதே 2019 டிசம்பரில் நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 இறுதிக்குள் வந்த ஆறு சமயத்தாருக்குக் கதவு திறந்தது. காத்திருக்க வேண்டிய ஆண்டு பதினொன்றிலிருந்து ஐந்தாகக் குறைந்தது. அடைக்கலம் பெற்றோர்மீது நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் இஸ்லாமியரை விலக்கியது ஏன்? இராமேசுவரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இலங்கை, டில்லியின் கண்ணுக்கு மட்டும் தென்படாமற்போனது ஏன்? 2025 செப்டம்பரில் வந்த ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு பெற்றவர்களை, ஆவணம் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விடுவித்தது. நல்லதே. சிறை இல்லை என்றார்கள். உரிமை உண்டு என்று சொல்லவில்லை.

அதே ஆண்டு மே மாதத்தில், உலகத்து அகதிகளையெல்லாம் ஏற்க இந்தியா தருமசத்திரமன்று என்ற கருத்து உச்சநீதிமன்றத்தில் எழுந்தது. நீதிமன்றத்தை மதிக்கிறோம், அடக்கத்தோடு ஒன்று சொல்வோம். சத்திரம் என்பது மூன்று நாள் தங்கிப் போகிறவனுக்கு. நாற்பதாண்டு தங்கி, பிள்ளை பெற்று, பேரன் எடுத்து, நம் சுவருக்கு வர்ணம் பூசி, நம் மண்ணில் தன் தாயைப் புதைத்தவன் வழிப்போக்கன் அல்லன்.

நம் பக்கத்தையும் பார்ப்போம். 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் ரூ.317.40 கோடித் திட்டத்தைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். அன்றைய கணக்கு: 108 முகாம்களில் 58,822 பேர், வெளியே 34,087 பேர். 7,469 வீடுகள் கட்டுவதென முடிவாயிற்று. அகதிகள் முகாம், மறுவாழ்வு முகாம் எனப் பெயர் பெற்றது. ஒழுகும் தகரத்தின் கீழ்க் கிடந்தவனுக்குக் கூரை பெரிது. குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் பலகையில் பெயரை மாற்றியதோடு கடமை முடிந்ததென்று நம்மவரில் சிலர் கருதுகிறார்களே, அது தவறு. இவர்களுக்கு வாக்கு இல்லை. தேர்தல் வேளையில் நம் ஊர்வலம் முகாம் வாசலைத் தாண்டித்தானே செல்கிறது? வாக்குள்ள தெருவுக்கு ஒரு வேகம், வாக்கில்லாத தெருவுக்கு ஒரு வேகம் என்று நம் காலுக்கே பழகிவிட்டது.

1987 ஜூலைக்கு முன் முகாம்களில் பிறந்தவர்கள் மாவட்டந்தோறும் இருப்பார்கள். பிறப்புப் பதிவைத் தேடி எடுக்கவும், தாலுகா அலுவலகப் படி ஏறவும், தேவைப்பட்டால் வழக்கறிஞரை அமர்த்தவும் கிளைத் தோழர்கள் துணை நிற்கலாம். இதற்கு எவர் ஆணையும் வேண்டியதில்லை. இந்தக் கிழமையே தொடங்கலாம்.

வாழப்பாடியில் நாம் கண்ட வர்ணக்காரருக்கு அதனால் பயனில்லை; ஓராண்டு பிந்திப் பிறந்துவிட்டார். அவருக்காக டில்லியில் சட்டம் திருத்தப்பட வேண்டும். தேநீருக்குக் காசு கொடுக்கப் போனோம். "நம்ம ஊருக்கு வந்திருக்கீங்க, நான் குடுக்கறனுங்க" என்று தடுத்துவிட்டு, தூரிகையை எடுத்துக்கொண்டு சாரம் ஏறினார்.