கூலியை அளக்கும் படி

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல்)

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. இன்று அது உழவருக்கு மட்டும் உரியதன்று. நூற்பாலையில் இரவுப் பணி பார்ப்பவருக்கும், துணிக்கடையில் நாள் முழுதும் நின்று விற்பவருக்கும், இரு சக்கர வண்டியில் உணவுப் பொட்டலம் சுமந்து விரையும் நம் வயது இளைஞருக்கும் அது பொருந்தும். உழைப்பு மிகுகிறது, நாட்டின் செல்வமும் பெருகுகிறது, ஆனால் உழைப்பவர் கைக்கு வரும் கூலியோ விலைவாசியின் பின்னால் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்கிறது. இது ஏன்?

"ஆள் மிகுந்தால் கூலி இறங்கும், இது சந்தையின் விதி" என்று எளிதாக விடை சொல்வோர் உண்டு. தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் கூலி முடிவாகிறது என்று நாமும் தேர்வில் படம் வரைந்து மதிப்பெண் பெறுகிறோம். ஆனால் அந்தப் புள்ளியில் நிற்பவர் ஒரு மனிதர். அவருக்கு வயிறு உண்டு, குடும்பம் உண்டு. இதை உணர்ந்துதான் விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948இல், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. அரசியல் சட்டத்தின் 43ஆம் விதி, உழைப்பவர் அனைவருக்கும் வாழ்வதற்கேற்ற கூலி கிடைக்க அரசு முயல வேண்டும் என்றது. 39ஆம் விதியோ, பொதுநலனுக்குக் கேடாகச் செல்வம் ஓரிடத்தில் குவியலாகாது என்றது.

படி பிறந்த கதை

சரி, வாழ்வதற்கேற்ற கூலி என்றால் எவ்வளவு? இதற்கு விடை காண 1957ஆம் ஆண்டில் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு முன்வந்தது. அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பினரும் அமர்ந்து ஓர் அளவை வகுத்தனர். கணவன், மனைவி, இரு குழந்தைகள் கொண்ட குடும்பம் மூன்று நுகர்வு அலகுகளாகக் கொள்ளப்பட்டது. ஓர் அலகுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 72 கெஜம் துணி. அரசுத் தொழிலாளர் குடியிருப்புக்குரிய குறைந்த அளவு வாடகை. எரிபொருள், விளக்கு, பிற செலவுகளுக்கு மொத்தக் கூலியில் 20 விழுக்காடு.

1991இல் ரெப்டகாஸ் பிரெட் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனுடன் இன்னொன்றையும் சேர்த்தது. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், பண்டிகை, முதுமை ஆகியவற்றிற்காகக் கூலியில் 25 விழுக்காடு வேண்டும் என்றது. இவை யாவும் சேர்ந்ததுகூட உயிர் தரிக்கப் போதுமான குறைந்தபட்சக் கூலியே அன்றி வேறில்லை என்றும் தெளிவாக உரைத்தது.

ஆக, கூலியை அளக்கும் படி நம்மிடம் இல்லாமல் இல்லை. அளப்பவர்தாம் இல்லை.

அளக்காமல் விட்டதன் விளைவு

நாடு முழுமைக்குமான அடிப்படைக் கூலி 2017இல் நாளொன்றுக்கு 176 ரூபாயாக இருந்தது. மைய அரசே அமைத்த வல்லுநர் குழு, உணவையும் பிற தேவைகளையும் கணக்கிட்டு, 2018ஆம் ஆண்டு விலையில் 375 ரூபாய் வேண்டும் என்று 2019இல் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட உயர்வு எவ்வளவு தெரியுமா? இரண்டு ரூபாய்! 176 என்பது 178 ஆயிற்று. யானைப் பசிக்குச் சோளப்பொரி!

கற்றவர் நிலை மட்டும் வேறா? கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வரையறுத்தது. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் 2023இல் உயர்த்தியபோது கிடைத்தது 25,000 ரூபாய். முனைவர் பட்டம் பெற்றவரும் மூட்டை தூக்குபவரும் இதில் ஒரே வரிசையில்தான் நிற்கின்றனர். இருவருக்கும் உரிய அளவு ஏட்டில் உண்டு. கையில் விழுவது அதில் பாதி, அல்லது அதற்கும் குறைவு.

"கூலியை உயர்த்தினால் ஆலைகளை மூட நேரும்" என்பர். இந்த அச்சம் சிறு தொழில் நடத்துவோருக்கு உண்மையாகவே உண்டு. அவர்களுக்குக் கடனுதவியும் கால அவகாசமும் தருவது முறையே. பெருந்தொழில்களின் கணக்கோ வேறு கதை சொல்கிறது. 1980களின் தொடக்கத்தில் பதிவு பெற்ற ஆலைகளின் நிகர மதிப்புக் கூட்டலில் ஏறத்தாழ 30 விழுக்காடு கூலியாகச் சென்றது. 2007-08 அளவில் அது ஏறத்தாழ 10 விழுக்காடாகச் சுருங்கிற்று. பின்னர் சிறிது ஏறினும் பழைய இடத்தைத் தொடவில்லை. 1999-2000இல் ஆலைத் தொழிலாளர் நூற்றுவரில் சுமார் 20 பேர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். 2022-23இல் சுமார் 40 பேர். 2023-24இல் பெருநிறுவன இலாபம் 15 ஆண்டுகளில் காணாத உச்சத்தை எட்டியதாக அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே கூறுகிறது. உழைப்பவர் பங்கு போன இடம் இப்போது விளங்குகிறதல்லவா? 2022-23இல் நாட்டு வருமானத்தில் 22.6 விழுக்காடு, உச்சியில் இருக்கும் நூற்றில் ஒருவரைச் சேர்ந்தது என்று உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் மதிப்பிட்டுள்ளது.

நாளைய வேலை

கணிப்பொறியும் செயற்கை நுண்ணறிவும் வேலைகளையே விழுங்கிவிடும் என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. இயந்திரம் வேலையைக் குறைப்பது தீங்கா? 1930இல் பொருளியல் அறிஞர் கீன்ஸ், நூறு ஆண்டுகளில் மனிதன் வாரத்திற்கு 15 மணி நேரம் உழைத்தால் போதும் என்ற நிலை வரும் என்று எழுதினார். அந்த நூறு ஆண்டு 2030இல் நிறைவுறும். நம் மாநிலத்திலோ நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடமளிக்கும் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்ததால் அவ்வாண்டு மே நாளில் அது கைவிடப்பட்டது. இயந்திரம் வளர்ந்தும் உழைப்பவருக்கு ஓய்வு வளரவில்லை. இயந்திரம் ஈட்டும் நன்மையை யார் எடுத்துக்கொள்வது என்பதே உண்மையான கேள்வி.

செயலி வழி வேலை செய்வோர் 2020-21இல் 77 லட்சம் பேர்; 2029-30இல் 2.35 கோடியாவர் என்று நிதி ஆயோக் கணித்துள்ளது. இவர்களைச் சட்டம் "தொழிலாளி" என்று கொள்ளாததால் குறைந்தபட்சக் கூலியும் இல்லை. தமிழ்நாடு அரசு 2023இல் இவர்களுக்கென நல வாரியம் அமைத்தது பாராட்டத்தக்கது. எனினும் நலத்திட்ட உதவி வேறு, உழைப்பின் விலை வேறு. நாளைய வேலையெல்லாம் இந்த வடிவில் வருமானால், இன்று படியை இழப்பவர் நாமே ஆவோம்.

நாம் செய்யக்கூடியது

2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. மைய அரசு அடிப்படைக் கூலியை வகுக்க வேண்டும். எந்த மாநிலமும் அதற்குக் கீழே இறங்கலாகாது என்பது அதன் விதி. நல்ல விதிதான். ஆனால் தொகை எவ்வளவு என்று சட்டத்தில் இல்லை. 178 ரூபாய் போன்ற தொகையை எழுதினால் அது வெறும் காகிதம். 1957இன் படியால் அளந்து எழுதினால் அது சோறு.

ஆகவே, ஒரு வேண்டுகோள். நம் பொருளியல் துறை ஆண்டுதோறும் நம் ஊர்ச் சந்தைக்குச் சென்று அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, துணி, வாடகை ஆகியவற்றின் விலையைக் கேட்டெழுதட்டும். 1957இன் கணக்கையும் 1991இன் தீர்ப்பையும் கொண்டு, இவ்வூரில் ஒரு குடும்பம் வாழ நாளொன்றுக்கு என்ன கூலி வேண்டும் என்று கணக்கிடட்டும். பக்கத்திலேயே, இவ்வூரில் உண்மையில் என்ன கூலி கொடுக்கிறார்கள் என்பதையும் குறிக்கட்டும். இரண்டு தொகைகளையும் இம்மலரில் ஆண்டுதோறும் அச்சிடுவோம். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் அடுத்த ஆண்டே தொடங்கலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. நான்கு குறிப்பேடுகளும் நாற்பது மாணவரும் போதும்.