ஒரு பல்லுக்கு எவ்வளவு வேகம்?

பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில், தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு வீடு. அந்த வீட்டுக்கு இருப்பது ஒரே ஒரு 100 சி.சி. பைக். விடிகாலையில் அது மகனுடையது. ராஜபாளையத்தில் மில் வேலை. ஒரு வழிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். ஷிப்ட் முடிந்து அவன் திரும்பிய பிறகு அது அப்பாவுடையது. தோப்பிலிருந்து தேங்காய் மூட்டை, மாட்டுக்குப் புல்லுக்கட்டு என்று மேடும் பள்ளமுமான மண் பாதையில் இருட்டும்வரை ஓடும்.

மகனுக்கு ஒரே குறை. கிருஷ்ணன்கோவிலில் பெரிய ரோட்டில் ஏறியதும் எல்லா வண்டியும் அவனைத் தாண்டிப் போகிறது. கூட வேலை பார்க்கும் ஒருவன் யோசனை சொன்னான்: "முன்னாடி ஒரு பல்லு கூட்டிப் போடு, வண்டி பறக்கும்."

ஞாயிற்றுக்கிழமை வத்திராயிருப்பில் மெக்கானிக் முன்னால் போய் நின்றான்.

"அண்ணே, முன்பல்லு 14 இருக்குல்ல, அதை எடுத்துட்டு 15 போட்டுத் தாங்கண்ணே."

"போடலாம் தம்பி. உங்க அப்பாகிட்ட கேட்டியா?"

"வண்டியில ஸ்பீடு ஏறுறதுக்கு அவர்கிட்ட என்னண்ணே கேக்கணும்?"

மெக்கானிக் சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

பைக்கின் செயின் இரண்டு பல்சக்கரங்களை இணைக்கிறது. முன்னால் இன்ஜின் பக்கம் சின்னது, பின்னால் டயர் பக்கம் பெரியது. முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்றால், சின்னது மூன்று சுற்று சுற்றினால்தான் பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றும். முன்னால் 15 பல் போட்டால் 2.8 சுற்றே போதும். அதாவது இன்ஜின் அதே வேகத்தில் சுற்றினாலும் வண்டி 7 சதவீதம் கூடுதலாக ஓடும். 60-ல் போனது 64-ல் போகும். பின்னால் மூன்று பல் குறைத்தாலும் கிட்டத்தட்ட இதே பலன்தான். கணக்கு இதோடு முடிந்தால் எல்லோரும் 15 பல்லே போட்டிருப்பார்கள்.

கியர் சைக்கிள் ஓட்டிய பிள்ளைகளுக்கு மீதிக் கணக்கு தெரியும். மேடு ஏறும்போது பின்னால் பெரிய பல்லுக்கு மாற்றுவார்கள்; கால் வேகமாகச் சுற்றும், ஆனால் லேசாக ஏறும். சின்னப் பல்லிலேயே மேடு ஏறினால் தொடை கடுக்கும். பைக்கிலும் அப்படித்தான். ஒரு பல் கூட்டினால் பின்சக்கரத்துக்குப் போகும் இழுவை 7 சதவீதம் போல எல்லா கியரிலும் குறைந்துவிடும். பல்சக்கரம் புதிதாக எதையும் கொடுப்பதில்லை. இழுவையை வாங்கிக்கொண்டு வேகத்தைக் கொடுக்கிறது.

அந்த வேகமாவது முழுசாகக் கிடைக்குமா?

மெக்கானிக் கேட்டார். "டாப் கியர்ல ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கும்போது இன்ஜின் கத்துதா, திணறுதா?"

மகன் யோசித்தான். "திணறுற மாதிரிதாண்ணே இருக்கு."

"அப்போ பல்லு கூட்டினா இன்னும் திணறும்."

இன்ஜின் கத்துகிறது என்றால், அது தன் முழு சக்தி கிடைக்கும் சுற்றையும் தாண்டி ஓடுகிறது, பல் போதவில்லை என்று பொருள். அப்போது ஒரு பல் கூட்டினால் பலன் உண்டு. திணறுகிறது என்றால் காற்றைக் கிழிக்க சக்தி போதவில்லை. வேகத்தோடு காற்றின் தடை பல மடங்கு ஏறும். 7 சதவீதம் வேகம் கூட வேண்டுமானால், காற்றைக் கிழிக்க மட்டுமே 20 சதவீதத்துக்கு மேல் சக்தி கூட வேண்டும். 100 சி.சி. பைக்கில் இருப்பதோ சுமார் 8 குதிரை சக்தி. பல்லை மாற்றினால் ஒன்பதாவது குதிரை வந்துவிடாது. அதிலும் ராஜபாளையம் பக்கம் ஆடிக் காற்று எதிரே அடித்தால், 15 பல் வண்டி டாப் கியரை விட்டு இறங்கிவிடும். பழைய 14 பல்லே அதை முந்திப் போகும்.

இந்தச் சின்ன வண்டிகள் பந்தயத்துக்குச் செய்தவை அல்ல. 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 ஆனாலும், 1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி. 100 ஆனாலும், ஒரு குடும்பத்தின் பாரத்தைச் சிக்கனமாக இழுக்கத்தான் வந்தன. மூட்டை ஏற்றிப் போகும் எக்ஸ்.எல். வண்டியில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. பல்சக்கரக் கணக்கு சரியாக இருப்பதால்தான் அது அத்தனை பாரத்தையும் இழுக்கிறது.

"சரி தம்பி, போட்டே கொடுத்துர்றேன்னு வை. சாயங்காலம் உங்க அப்பா ரெண்டு மூட்டையைக் கட்டிக்கிட்டு வாய்க்கா மேட்டுல ஏறணும். பர்ஸ்ட் கியர்லயே வண்டி தம் கட்டும். கிளட்ச்சைப் பாதி புடிச்சுக்கிட்டேதான் ஏத்துவாரு. கிளட்ச் பிளேட்டு எத்தனை நாளைக்குத் தாங்கும்? இறக்கத்துலயும் இன்ஜின் முன்ன மாதிரி வண்டியைப் புடிச்சு நிறுத்தாது."

மகன் பேசவில்லை.

பிரேக் கணக்கும் இருக்கிறது. 60-ல் போகிற வண்டியை நிறுத்துவதைவிட 70-ல் போகிறதை நிறுத்த பிரேக்குக்கு 36 சதவீதம் வேலை அதிகம். பல் மாறுகிறது, டிரம் பிரேக் பழையதுதான். வத்திராயிருப்பு ரோட்டில் ஆடு குறுக்கே வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். 2025-ல் கூமாபட்டி இன்ஸ்டாகிராமில் பிரபலமானபின் வழி தெரியாத வெளியூர் வண்டிகளும் வரத் தொடங்கின.

இத்தனைக்கும் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? 40 கிலோமீட்டரையும் நிற்காமல் 60-ல் போனால் 40 நிமிடம். 64-ல் போனால் முப்பத்தேழரை. இரண்டரை நிமிடம், அதுவும் வழியில் ஒரு வளைவும், ஒரு வேகத்தடையும் இல்லாமல் இருந்தால்.

ஒரு பல் கூட்டுவதே தப்பு என்றில்லை. தனி ஆளாக, சமமான நெடுஞ்சாலையில் மட்டும் போகிறவருக்கு இன்ஜின் சத்தமும் அதிர்வும் குறையும். மாற்றுகிறவர்கள் செயினும் இரண்டு பல்சக்கரமும் சேர்ந்த முழு செட்டாக மாற்றுவது நல்லது. தேய்ந்த செயின் புதுப் பல்லையும் தின்றுவிடும். முன்னால் பெரிய பல்லுக்கு இடம் இருக்கிறதா, கவரில் செயின் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். வாரன்ட்டி இருக்கும் வண்டியானால் கம்பெனியிடம் கேட்டுவிட வேண்டும். கழற்றிய பழைய பல்லைத் தூக்கி எறியக் கூடாது.

மெக்கானிக் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். அரைச் சுற்றில் நின்றது. பின் பிரேக் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. செயின் எண்ணெய் கண்டு மாசக்கணக்காகியிருந்தது. ஏர் பில்டரில் மண் பாதைப் புழுதி அப்பியிருந்தது. இரண்டு டயரிலும் காற்று குறைவு.

"வண்டி ஓட மாட்டேங்குதுன்னியே... நீ பிரேக்கைப் புடிச்சுக்கிட்டுல்ல ஓட்டியிருக்க!"

ஒரு மணி நேர வேலை. பல்சக்கரத்தில் அவர் கை வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் மூட்டையோடு மேடேறி வந்த அப்பா, வண்டியை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தார்.

"வண்டி லேசா ஏறுதே, என்னப்பா பண்ணின?"

"ஒண்ணும் மாத்தலப்பா" என்றான் மகன்.