விண்ணிலே கோள், மண்ணிலே கடிவாளம்

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஒன்று அனலைக் கக்கிக்கொண்டு எழும்பும்போதெல்லாம் தேசம் முழுவதும் கைகொட்டி ஆரவாரிக்கிறது. சிறிது நேரத்துக்குள் வெற்றிச் செய்தி வந்துவிடுகிறது. மறுநாள் பத்திரிகைகளில் படம் வெளியாகிறது. அதற்கடுத்த நாள் நாம் அந்தக் கோளையே மறந்துவிடுகிறோம். கலியாணப் பந்தலைப் பிரித்தவுடன் இல்லறமும் முடிந்துவிட்டது என்று எண்ணுவதற்கு ஒப்பானது இது. செயற்கைக் கோளின் வாழ்க்கை ராக்கெட்டை விட்டுப் பிரிந்த பிறகுதான் தொடங்குகிறது. அதைப் பல்லாண்டுகள் நடத்திச் செல்வோர், பூமியிலே இரவும் பகலும் விழித்திருக்கும் சிலர். அவர்களுடைய தொண்டைப் பற்றி இவ்வாரம் கூற விரும்புகிறோம்.

"மேலே போய்ச் சேர்ந்த கோள் தானாகவே சுற்றிக்கொண்டிருக்குமே; அதை யாரும் நடத்துவானேன்?" என்று மாணவர்கள் நம்மைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் அமர்த்தப்படும் கோள், பூமி தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும் அதே காலத்தில் ஒரு முறை வலம் வருகிறது. ஆகையால், கீழேயிருந்து நோக்குவோர்க்கு அது ஓரிடத்திலேயே நிலைத்து நிற்பதுபோல் இருக்கும். ஆனால் அந்நிலை தானாக நீடிப்பதன்று. சூரியனும் சந்திரனும் இழுக்கும் இழுப்பினால் கோளின் பாதை ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு பாகை சாய்ந்துகொண்டே போகும். பூமியின் நடுவரையும் செம்மையான வட்டமன்று. அக்குறை கோளைக் கிழக்கிலோ மேற்கிலோ மெல்ல மெல்ல நகர்த்தும். அதே வீதியில் பிற தேசத்துக் கோள்களும் குடியிருக்கின்றன. ஆகவே, அவரவர்க்கு ஒதுக்கிய எல்லைக்குள், பாகையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகாமல் காப்பது வழக்கம்.

நம் தேசத்தில் இக்காவல் நடைபெறும் தலைமை நிலையம், கர்நாடகத்தைச் சேர்ந்த ஹாஸன் நகரில் 1982-ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 2005-இல் போபாலில் மற்றொரு நிலையம் துணைக்கு வந்தது. வானை நோக்கி விரித்த பெரிய கிண்ணங்களைப் போன்ற ஆன்டெனாக்களும், உள்ளே எண்கள் ஓடும் திரைகளின் முன் முறை வைத்து அமர்ந்திருக்கும் நிபுணர்களுமே அங்கே காணத்தக்கவை.

அவர்கள் வேலை மூவகைப்படும். முதலாவது, நாடி பார்ப்பது. கோளின் ஒவ்வோர் உறுப்பிலும் அமைந்த சிறு கருவிகள் உஷ்ணம், மின்சாரத்தின் அளவு, எரிபொருள் தொட்டியின் அழுத்தம் முதலியவற்றை அளந்து ஓயாமல் ரேடியோ மூலம் அனுப்புகின்றன. வைத்தியர் மணிக்கட்டில் விரல் வைப்பதுபோல், இவர்கள் அந்த எண்களை வாசித்து நோயின் முதற்குறியைக் கண்டுகொள்கிறார்கள். இரண்டாவது, இருப்பிடம் அறிவது. ஒரு சமிக்ஞையை மேலே செலுத்தி, அது திரும்பிவர எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் தொலைவு விளங்கும். போய்த் திரும்ப ஏறக்குறைய கால் விநாடி ஆகும். அதை மிக நுட்பமாக அளக்கவேண்டும். மூன்றாவது, கட்டளையிடுவது. சிறு எரிகுழல்களைச் சில விநாடிகள் இயக்கிக் கோளைத் தன் இடத்துக்குத் தள்ளுவதும், அதன் முகத்தைப் பூமியை நோக்கித் திருப்புவதும், மின்கலங்களைப் பேணுவதும் இதில் அடங்கும். மார்ச்சு, செப்டம்பர் மாதங்களை ஒட்டிய நாட்களில் கோள் தினந்தோறும் பூமியின் நிழலில் புகும். அந்த இருள் 72 நிமிஷம் வரையில் நீடிப்பதுண்டு. அப்போது மின்கலமே அதற்கு உயிர்.

இத்தனைக்கும் ஓர் எல்லை உண்டு, அதுவே எரிபொருள். மேலே போய் அதை நிரப்பி வருவார் பொதுவாக இல்லை. தவறாகச் செலவிட்ட ஒவ்வொரு துளியும் கோளின் ஆயுளில் குறைகிறது. இந்த உண்மையை நம்மவர் பெருவிலை கொடுத்தே கற்றுக்கொண்டனர்.

அமெரிக்காவில் செய்து அங்கிருந்தே 1982-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி ஏவப்பட்ட இன்ஸாட்-1ஏ, ஏழு ஆண்டுகள் உழைக்க வேண்டியது. தொடக்கம் முதலே அதற்கு இடையூறுகள் நேர்ந்தன. முடிவில், நிலையைத் திருத்தும் எரிபொருள் முற்றும் தீர்ந்து, செப்டம்பர் 6-ஆம் தேதி அது கைவிடப்பட்டது. கோள் மேலேதான் இருந்தது, கடிவாளம் அறுந்துவிட்டது. ஐந்தே மாதத்தில் தேசத்தின் பெரும் பொருள் வீணாயிற்று.

அடுத்த ஆண்டு, ஆகஸ்டு 30-ஆம் தேதி, சாலஞ்சர் என்னும் விண்ணோடத்தில் இன்ஸாட்-1பி புறப்பட்டது. அதற்கும் சோதனை வந்தது. மடித்து வைத்திருந்த சூரிய ஒளிப் பலகை விரிய மறுத்தது. அப்பலகை விரியாவிடில் போதிய மின்சாரம் ஏது? முந்திய கோளின் கதி இதற்கும் நேருமோ என்ற கவலை சூழ்ந்தது. கோளைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. சுத்தியலும் திருகுளியும் அங்கே எட்டா. கட்டளைகளும் கணக்குமே அவர்களுக்கு இருந்த ஆயுதங்கள். நாட்கணக்கில் முயன்று, செப்டம்பர் மாத நடுவில் பலகையை விரியச் செய்தார்கள். அக்டோபரில் கோள் வேலையை ஏற்றுக்கொண்டு, தனக்கு விதித்த ஏழாண்டுக் காலமும் உழைத்தது. 1984-இல் டெலிவிஷன் ஊர் ஊராகப் பரவியதற்கு இக்கோள் பெருந்துணையாயிற்று. வீட்டில் அமர்ந்து அதைக் கண்டு களித்தவர்களில் ஹாஸன் என்ற பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

தாழ்ந்த பாதையில் ஓடும் கோள்களின் விஷயம் வேறு. பூமியைப் படம் பிடிக்கும் இவை சுமார் 100 நிமிஷத்துக்கு ஒரு முறை உலகைச் சுற்றிவிடுகின்றன. ஒரு நிலையத்தின் கண்ணுக்கு ஒரு சுற்றில் பத்துப் பதினைந்து நிமிஷமே அகப்படும். அதற்குள் நாடியும் பார்க்கவேண்டும், கட்டளையும் கொடுக்கவேண்டும். ஆகையால்தான் பெங்களூரைத் தலைமையாகக் கொண்டு லக்னோ, போர்ட் பிளேர், மொரீஷியஸ் முதலிய இடங்களில் நிலையங்கள் அமைந்தன. ஒன்றின் பார்வையிலிருந்து மறையும் கோளைப் பிறிதொன்று எதிர்பார்த்து நிற்கிறது.

உயரத்துக் கோளுக்கு மூப்பு வரும்போதும் இவர்கள் கடமை தீர்வதில்லை. கடைசித் துளி எரிபொருளைச் சேமித்து வைத்து, அதைக்கொண்டு கோளைச் சுமார் 300 கிலோமீட்டர் மேலே தள்ளி, பிறர்க்கு இடையூறில்லாத பாதையில் விட்டு, அதன் ரேடியோவை அடக்கிவிடுவதே முறை. அடுத்த கோளுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கும் நாகரிகம் அது. ராக்கெட் பறக்கும் நாளில் ஆரவாரிக்கும் நாம், அவ்வாறு ஒரு கோளை நெடுங்காலம் பேணி முறையாக வழியனுப்பி வைக்கும் நாளையும் ஒரு வெற்றி நாளாக மதிக்கக் கற்றுக்கொள்வோமாக.