மாதத் தொகுப்புக்குள் அடங்காத ஏரி

இந்தியக் குடிமைப் பணித் தேர்வின் முதல்நிலைப் பாடத்திட்டத்தைத் திறந்தால் முதல் வரியே நடப்பு நிகழ்வுகள்தான். தேசிய, சர்வதேச முக்கியத்துவம் உள்ளவை என்று மட்டும் அந்த வரி சொல்கிறது. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எவ்வளவு ஆழத்துக்கு என்ற கேள்விகளுக்கு அதில் பதில் கிடையாது. கரை தெரியாத இந்த ஒரு வரி கிளப்பும் அச்சத்தை நம்பி ஒரு பெரிய சந்தையே நடக்கிறது. சென்னை கொரட்டூர்க்காரர்களுக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. பாடியைத் தாண்டினால் அண்ணாநகர். ஐஏஎஸ் பயிற்சி மையங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடம். தினசரி வினாடி வினா, வாரத் தொகுப்பு, மாத இதழ், முதல்நிலைத் தேர்வான பிரிலிம்ஸ் நெருங்கும்போது ஓராண்டையும் ஒரே கட்டில் அடக்கிய புத்தகம், இவை போக டெலிகிராமில் வந்து குவியும் பிடிஎஃப்கள். படிக்கும் பிள்ளைகள் தங்கள் நாளின் நல்ல நேரத்தை இவற்றுக்குக் கொடுக்கிறார்கள். அந்த உழைப்பில் பெரும்பகுதி விழலுக்கு இறைத்த நீராகிறது என்பதே என் வாதம். நூறு செய்திகளின் தலைப்பை மனப்பாடம் செய்வதைவிட, ஐந்தாறு விவகாரங்களை விடாமல் ஆண்டு முழுக்கப் பின்தொடர்வதுதான் தேர்விலும் கைகொடுக்கும். அந்த ஐந்தாறில் ஒன்றாவது சொந்த ஊரில், போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தொலைவில் இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் பட்டியலில் உள்ள ஈரநிலங்களை எடுத்துக்கொள்வோம். 2022 தொடக்கம் வரை தமிழகத்தில் இருந்தது ஒன்றே ஒன்று, 2002-இல் அறிவிக்கப்பட்ட கோடியக்கரை. 2022-இல் பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், பிச்சாவரம் உள்ளிட்ட 13 இடங்கள் சேர்ந்து 14 ஆனது. 2024 ஜனவரியில் கரைவெட்டியும் லாங்வுட் சோலையும், ஆகஸ்டில் நஞ்சராயன் குளமும் கழுவேலியும், 2025 பிப்ரவரியில் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர, எண்ணிக்கை 20-ஐத் தொட்டது. தொகுப்பை மட்டும் நம்பியவர் 14, 16, 18, 20 என்று நான்கு முறை மனப்பாடம் செய்து மூன்றை மறக்க வேண்டியிருந்தது. தேர்வு கேட்டதோ வேறு. 2019 பிரிலிம்ஸில் வந்த கேள்வி, ராம்சார் ஒப்பந்தத்தால் நாட்டின் எல்லா ஈரநிலங்களையும் காப்பது இந்திய அரசுக்குக் கட்டாயமா, 2010-ஆம் ஆண்டு ஈரநில விதிகள் அந்த ஒப்பந்தத்தின் பரிந்துரையால் பிறந்தவையா, அந்த விதிகள் நீர்பிடிப்புப் பகுதியையும் உள்ளடக்குமா என்பது. மூன்றாவது மட்டுமே சரி. 2018 பிரிலிம்ஸில், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டார்கள். வாரியம் அரசாணையால் உருவானது என்று நினைத்தவர்கள் தவறவிட்டார்கள். அது 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தால் வந்தது. அதே ஆண்டு முதன்மைத் தேர்வான மெயின்ஸில் ஈரநிலத்தின் ‘விவேகமான பயன்பாடு’ பற்றியும், 2023-இல் தேசிய ஈரநிலப் பாதுகாப்புத் திட்டம் பற்றியும் வந்தன. நகர வெள்ளம் 2016, 2020, 2024 என மெயின்ஸில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. செய்தி மாறிக்கொண்டே இருந்தாலும் கேள்வி சுற்றிச்சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறது: இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது, எங்கே பழுதாகிறது, யார் பொறுப்பு.

இந்த மூன்றையும் கற்றுக்கொள்ள, பயிற்சி மையங்கள் நிறைந்த டெல்லி ராஜேந்தர் நகருக்குப் போக வேண்டியதில்லை. கொரட்டூர் ஏரிக்கரை போதும். ஏறத்தாழ 590 ஏக்கர் பரப்புள்ள இந்த ஏரி தனி ஏரி இல்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கொரட்டூருக்கு வரும். கொரட்டூர் நிரம்பினால் ரெட்டேரிக்குப் போகும். வயலுக்குப் பாய்வதற்காக முன்னோர் கோத்த சங்கிலி அது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. வயல்கள் மனைகளாயின, வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள் எழுந்தன. பாசனம் போனது, ஏரி மட்டும் மிஞ்சியது. அம்பத்தூர், பட்டரவாக்கம் பக்கமிருந்து மழைநீரைக் கொண்டுவர வேண்டிய கால்வாயில் வீட்டுக் கழிவுநீரும் தொழிற்பேட்டைக் கழிவும் கலந்து வந்தன. மழை இல்லாத மாதத்தில் மழைநீர்க் கால்வாயில் கறுப்பாகத் தண்ணீர் ஓடினால் அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் 2016-இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போனது. அன்றிலிருந்து ஆய்வு, அறிக்கை, உத்தரவு, அவகாசம் என்று வழக்கு நீண்டது. தொகுப்பு இதழ் எதிலும் இந்த வழக்கு ஒரு பெட்டிச் செய்தியாகக்கூட வராது. ஆனால் இதைத் தொடக்கத்திலிருந்து படிக்கும் ஒருவர் இந்திய நகர நிர்வாகத்தையே படித்தவராகிறார். ஏரி நீர்வளத் துறையுடையது. அந்தத் துறையே 2021 வரை பொதுப்பணித் துறைக்குள் இருந்தது. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் வேலை. பாதாளச் சாக்கடை சென்னைக் குடிநீர் வாரியத்திடம். தொழிற்பேட்டை, மாநிலச் சிறுதொழில் வளர்ச்சி நிறுவனமான சிட்கோவிடம். ஆலைக் கழிவைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். அம்பத்தூர் 2011 வரை தனி நகராட்சி, அதன்பின் சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலம். கழிவு ஒரு துறையின் எல்லையில் இறங்கி இன்னொரு துறையின் ஏரியில் போய் விழும்போது எல்லோரும் பொறுப்பு, ஆனால் யாரும் பொறுப்பில்லை. ஆட்சிமுறை என்ற தலைப்பில் பொது அறிவு இரண்டாம் தாளுக்கு எத்தனை புத்தகம் வாங்கினாலும் இவ்வளவு தெளிவாக இது விளங்காது.

இந்த ஏரியின் நூலைப் பிடித்துக்கொண்டு போனால் எங்கெல்லாம் போய்ச் சேரலாம் என்று பாருங்கள். தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்க, நாடாளுமன்றம் எப்படி 1974-இல் நீர்ச் சட்டம் இயற்றியது? மாநிலங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்டால் இயற்றலாம் என்ற அரசமைப்புச் சட்டத்தின் 252-ஆம் உறுப்பு அங்கே வருகிறது. பசுமைத் தீர்ப்பாயம் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. மாசு செய்தவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை அது பின்பற்ற வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அந்தக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது 1996-இல், வேலூர் தோல் தொழிற்சாலைகள் பாலாற்றை நாசமாக்கிய வழக்கில். அதற்குப் பின்னால் 1992 ரியோ மாநாடு நிற்கிறது. இன்னொரு பக்கம் 2017 ஈரநில விதிகள். பாசனத்துக்கென்றோ குடிநீருக்கென்றோ மனிதர் வெட்டிய நீர்நிலைகளை அவை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து நீக்குகின்றன. அப்படியானால் பாசன ஏரிகளால் ஆன தமிழ்நாட்டின் கதி என்ன? வேடந்தாங்கலும் கரைவெட்டியும் ஏரிகளாக இருந்தே ராம்சார் தகுதி பெற்றிருக்க, கொரட்டூர் ஏரி எந்தக் கணக்கில் வரும்? வயலே இல்லாத ஏரியை இன்னும் பாசன ஏரி என்று சொல்லலாமா? இந்தக் கேள்வியைத் தானே கேட்டுக்கொண்ட மாணவருக்கு 2019-இல் வந்தது போன்ற வினா அதிர்ச்சி தராது. 2024 மெயின்ஸ், கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த இரண்டு பெரு நகர வெள்ளங்களின் தன்மைகளை எழுதச் சொன்னது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் கொரட்டூர்த் தெருக்களில் நின்ற தண்ணீர் எந்த ஏரி வழியாக எப்படி வந்தது என்று தெரிந்தவர் அந்த விடையை மும்பையையும் ஹைதராபாத்தையும் கடன் வாங்காமலே எழுதிவிடுவார். கொசஸ்தலையாறு வடிநிலத்தில் மழைநீர் வடிகால் அமைக்க ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 25.1 கோடி டாலர் கடன் தர ஒப்பந்தம் ஆனது. சர்வதேச நிதி நிறுவனங்கள் என்ற பாடம்கூட அம்பத்தூர்ப் பக்கத்துத் தெருவில் பள்ளம் தோண்டிக்கொண்டுதான் வருகிறது.

இதற்கு வரும் மறுப்புகள் எளிதானவை இல்லை. முதலாவது, பிரிலிம்ஸ் ஆழத்தைப் பார்ப்பதில்லை, அகலத்தைத்தான் பார்க்கிறது என்பது. 100 கேள்வி, தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும். ஒரே ஏரியைக் கட்டிக்கொண்டு அழுதால் பொருளாதாரமும் வெளியுறவும் என்னாவது என்று கேட்பார்கள். நியாயம்தான். அதனால்தான் ஐந்தாறு என்கிறேன்: ஒரு நீர்நிலை, ஒரு நதிநீர்ப் பூசல், மத்திய மாநில நிதிப் பகிர்வு, ஓர் அண்டை நாடு, ஓர் அறிவியல் திட்டம் என்று தேர்ந்துகொண்டால் பாடத்திட்டத்தின் பெரும்பகுதி அவற்றைச் சுற்றியே வந்துவிடும். இரண்டாவது மறுப்பு டிஎன்பிஎஸ்சி எழுதுவோருடையது. குரூப் தேர்வுகளில் விருது யாருக்கு, திட்டம் எந்த நாளில் தொடங்கியது என்று நேரடியாகவே கேட்கிறார்கள். உண்மை. அந்த அளவுக்குத் தொகுப்பு தேவை. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் புரட்டிக்கொள்ள அது பயன்படும். ஆனால் குரூப் 1 பாடத்திட்டத்தில் தமிழகத்தின் வளர்ச்சி நிர்வாகத்துக்கென்றே தனி அலகு இருக்கிறது, அதன் மெயின்ஸ் விரித்து எழுத வேண்டிய தேர்வு. அங்கே விருதுப் பட்டியல் ஒரு வரிக்குக்கூட உதவாது. மூன்றாவது மறுப்பு, உள்ளூர் விவகாரத்தை மெயின்ஸில் எழுதினால் எங்கோ இருக்கும் திருத்துநருக்கு என்ன தெரியும் என்பது. அவருக்குக் கொரட்டூர் தெரியாமல் போகலாம். ஐந்து துறைகளுக்கு நடுவே ஒரு நீர்நிலை கெடும் விதத்தை அவர் தன் ஊரிலும் பார்த்திருப்பார்.

நேரம் இல்லை என்ற மறுப்பைத்தான் அதிகம் மதிக்கிறேன். பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் படிக்கும் பிள்ளைக்குத் தொகுப்பு ஒரு வரம் என்று தோன்றும். ஆனால் தொகுப்பு மிச்சப்படுத்துவதாகச் சொல்லும் நேரத்தை மறதி எடுத்துக்கொள்கிறது. சூழல் இல்லாமல் படித்த செய்தி ஆறு வாரம்கூடத் தங்குவதில்லை, ஒவ்வொரு மாதமும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஒரு விவகாரத்தின் முன்கதை தெரிந்துவிட்டால் அடுத்த செய்தியைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். நேரத்தைவிடக் கடினமான தடை மொழி. மெயின்ஸைத் தமிழில் எழுதலாம், நேர்காணலையும் தமிழில் சந்திக்கலாம். ஆனால் மொழித் தாள்கள் தவிர வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். பசுமைத் தீர்ப்பாய ஆணைகளும் மத்திய விதிகளும் ஆங்கிலத்தில். அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்து வந்த மாணவர் தொகுப்பைத் தேடிப் போவது சோம்பலால் இல்லை. மூல ஆவணம் அவருக்கு எட்டாத மொழியில் இருப்பதால். இதை மாணவர் மட்டும் தனியாகச் சரிசெய்ய முடியாது.

அரசு செய்ய முடியும், செய்வதற்கான பணமும் ஏற்பாடும் ஏற்கெனவே இருக்கின்றன. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் ஆண்டுக்கு 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, பிரிலிம்ஸுக்குத் தயாராக 10 மாதம் மாதந்தோறும் 7,500 ரூபாய் தருகிறார்கள். நல்ல திட்டம். உதவித்தொகை பெறும் ஒவ்வொருவரும் தன் ஊரின் ஒரு பொது விவகாரத்தை அந்தப் பத்து மாதமும் பின்தொடர்ந்து, ஆணைகளையும் மாமன்றத் தீர்மானங்களையும் படித்துத் தமிழில் ஓர் அறிக்கை எழுத வேண்டும் என்று கேட்கலாம். 2024 தேர்வுக்கு நாடு முழுவதும் சுமார் 9.9 லட்சம் பேர் விண்ணப்பித்து 1,009 பேர் தேர்வானார்கள். தேர்வாகாத லட்சக்கணக்கானவர்கள் தங்கள் இருபதுகளின் சிறந்த ஆண்டுகளைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறார்கள். அவர்கள் கையில் மிஞ்சுவது காலாவதியான விருதுப் பட்டியலா, ஒரு மனு எழுதவும் தகவல் உரிமையில் சரியான அலுவலகத்தைக் கேட்கவும் தெரிந்த அறிவா என்பது, இன்று அவர்கள் எதைப் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. முதல் வேலையாக, கொரட்டூர் ஏரி வழக்கில் இதுவரை வந்த ஆணைகளையும் துறைகளின் பதில் அறிக்கைகளையும் தமிழாக்கி, அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், பக்கத்துக் கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்திலும், அம்பத்தூர்ப் பகுதி நூலகங்களிலும் ஒரு கோப்பாக வைக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்கும் பொறுப்பை அரசுப் பயிற்சி மையத்து மாணவர்களிடமே ஒப்படைக்கலாம்.