ஒரு மதகு மூடினும் கடைமடை காயும்!

காவிரி நீர் கல்லணைக் கால்வாய் வழியே நெடுந்தொலைவு கடந்தே, அதிராம்பட்டினத்தை உள்ளடக்கிய பட்டுக்கோட்டை வட்டத்தின் கடைமடை வயல்களை அடைகின்றது. இடையில் ஒரு மதகு மூடப்படினும் கடைமடை காயும். தமிழெழுத்தில் அமைந்த மின்னஞ்சல் முகவரிக்கு இன்று நேர்வதும் இஃதே.

2018 நவம்பர் 16ஆம் நாள் கசா புயல் கரை கடந்தபின் இவ்வட்டாரம் பல நாள் மின்னாற்றலின்றி இருளில் கிடந்தது. அத்தகைய நாளில், ஊரிலுள்ள ஒரே கணிப்பொறியை நம்பிய மின்னஞ்சல் நிலையம் என்னாகும்? அனுப்பும் கணிப்பொறி மடலைத் தன்னிடம் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். நான்கைந்து நாள் கழியின் கைவிட்டுத் திருப்பும். ஆகலின், வெவ்வேறு ஊர்களிற் பல கணிப்பொறிகளை நிறுவிக் கூட்டாக இயக்குவர். அவற்றுக்கு முன்னுரிமை எண் இடுவர். முதலாவது விடையளிக்காவிடில் மடல் அடுத்ததற்குச் செல்லும். சில கணிப்பொறிகள் மடலை வாங்கும். சில வேண்டா மடல்களைக் களையும். சில ஒரே மடலை ஈரிடத்துச் சேமிக்கும்.

கூட்டின் வலிமை இது. அதன் நலிவும் இங்கேயே உளது. பிறமொழி எழுத்து முகவரிகளுக்கான நெறிமுறை 2012இல் வகுக்கப்பட்டது. அதன்படி, மடலை அடுத்து வாங்கும் கணிப்பொறி அவ்வெழுத்துகளை ஏற்பதாக அறிவித்தல் வேண்டும். இல்லையேல் மடல் திரும்பும். பத்தனுள் ஒன்பது தமிழை ஏற்று, ஒன்று மட்டும் ஏலாதிருப்பின், அவ்வொன்றின் வழிச் செல்லும் தமிழ் முகவரி மடல் திரும்பிவிடும். ஆங்கில முகவரி மடலோ தடையின்றிச் செல்லும். பழி மட்டும் தமிழின் மேல் விழும்: “தமிழ் கணிப்பொறிக்கு ஒவ்வாது!”

ஒவ்வாமை தமிழிடம் இல்லை. ‘.இலங்கை’, ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ எனும் தமிழ்க் களப்பெயர்கள் 2010, 2011ஆம் ஆண்டுகளிலேயே வழங்கப்பட்டன. கூகுளின் சிமெயில் 2014 முதல் இத்தகைய முகவரிகளுக்கு மடல் விடுக்கின்றது. அவற்றினின்று வரும் மடலையும் வாங்குகின்றது. ‘போசுட்பிக்சு’ எனும் கட்டற்ற அஞ்சல் மென்பொருள் 2015இல் வந்த 3.0 பதிப்பு முதல் இவ்வசதியைக் கொண்டுளது. கருவி உளது, அதற்குக் காசும் இல்லை. அதனை இயக்கிவைக்கும் மனமே இல்லை.

“ஆங்கில முகவரி இருக்கத் தமிழ் முகவரி எதற்கு?” என்பார் உளர். கடல் கடந்து உழைக்கும் அதிராம்பட்டினத்து மகன், தாய்க்கு மடல் விடுக்கத் தாயின் பெயரையே அயலெழுத்தில் திரித்தல் வேண்டுமோ? அஞ்சலட்டையில் தமிழில் முகவரி எழுதி ஊருக்கு ஊர் மடல் விடுத்த மக்கள், கணிப்பொறி வந்தபின் அவ்வுரிமையை இழத்தல் முன்னேற்றமாமோ?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளும் நகராட்சிகளும் இதழகங்களும் அஞ்சற்கூட்டு அமைக்குங்கால், தமிழ் முகவரி ஏற்பை உடன்படிக்கையிலேயே எழுதி வாங்குதல் வேண்டும். முதற் கணிப்பொறியை மட்டும் ஆய்ந்து நிறைவடைதல் போதாது. அதனை நிறுத்திவைத்து, அடுத்தடுத்த ஒவ்வொன்றன் வழியும் ஒரு தமிழ் முகவரி மடலை விடுத்துப் பார்த்தல் வேண்டும்.

கடைசி மதகும் திறக்கட்டும்! தமிழ் கடைமடை வரை பாயட்டும்!